முறுக்குப் பாக்கெட்டில் போன 800 ரூபாய்

2019 தீபாவளிக்கு எங்கள் மகளிர் குழுவுக்கு முதன்முதலாக ஒரு பெரிய ஆர்டர் வந்தது. கடலூரில் உள்ள ஒரு கடைக்கு 250 பாக்கெட் கைமுறுக்கு. நாங்கள் பண்ருட்டிப் பக்கத்துக் கிராமம். குழுவில் 12 பேர். கணக்கு எழுதும் வேலை என்னிடம் இருந்தது, பட்டப்படிப்பு படித்தவள் என்பதால்.

கடைக்காரர் சொன்ன ஏற்பாடு எளிமையானது. "விலையை நீங்களே போட்டு ஒட்டிக் கொடுங்க. வித்த பணத்துல நூத்துக்கு இருபது எங்களுக்கு." மாவு, எண்ணெய், கூலி எல்லாம் கூட்டிப் பார்த்து, ஒரு பாக்கெட்டுக்கு 80 ரூபாய் எங்கள் கைக்கு வரவேண்டும் என்று முடிவு செய்தோம். நான் 80க்கு 20 சதவீதம் கணக்கிட்டேன்: 16. இரண்டையும் கூட்டி 96 ரூபாய் என்று லேபிள் அடித்தோம்.

தீபாவளி முடிந்து கடைக்காரர் பணம் கொடுத்தார். 250 பாக்கெட், 96 வீதம் 24,000. அதில் அவருடைய 20 சதவீதம் 4,800. எங்களுக்கு 19,200. நான் எதிர்பார்த்துப் போனது 20,000. கடையில் நின்றபடியே, "800 குறையுதே" என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அவர் கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி வைத்து, ஒரு பாக்கெட்டுக்குப் போட்டுக் காட்டினார். 96இல் 20 சதவீதம் 19 ரூபாய் 20 காசு. மீதி 76 ரூபாய் 80 காசு. பாக்கெட்டுக்கு 3 ரூபாய் 20 காசு, 250 பாக்கெட்டுக்கு 800. அவர் கணக்கில் ஒரு தப்பும் இல்லை.

பேருந்தில் திரும்பி வரும்போது எனக்குள் ஓடிய கேள்வி ஒன்றுதான். 20 சதவீதம் என்றால் எதில் 20 சதவீதம்? நான் 80இல் எடுத்தேன். அவர் விற்ற விலையில் எடுத்தார். அவர் சொன்னதே "வித்த பணத்துல" என்றுதான். அந்த "ல" என் காதில் விழுந்தும் மனதில் விழவில்லை.

அன்றிரவு கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். லேபிளில் போட வேண்டிய விலை எனக்குத் தெரியாது. அதை வி என்று வைத்துக்கொள்கிறேன். கடைக்குப் போவது அந்த வி-யில் 20 சதவீதம். மீதி 80 ஆக இருக்க வேண்டும்.

வி − 20வி/100 = 80

அதாவது வி-யில் நூற்றுக்கு எண்பது பங்கு 80 ரூபாய். அப்படியானால் வி = 100. நூறு ரூபாய் என்று லேபிள் அடித்திருக்க வேண்டும். அவ்வளவுதான். நான்கு ரூபாய் வித்தியாசம்.

பத்தாம் வகுப்பு வரை நான் கணக்கை இப்படித்தான் கடந்து வந்திருந்தேன்: சமன்பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டுத் தீர்க்கச் சொன்னால் போடுவேன். கதைபோல வாக்கியத்தில் வரும் கணக்கைத் தொடவே மாட்டேன். எங்கள் பக்கத்தில் அதை வாக்கியக் கணக்கு என்போம். விருப்பத் தேர்வில் அதை விட்டுவிட்டு வேறு கேள்விகளை எழுதித் தேறினேன். பிறகு கல்லூரியில் தமிழ் இலக்கியம் எடுத்தேன், கணக்கு அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த இழப்பை ஈடுகட்ட 2021இல் தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது நானும் தன்னார்வலராகப் பதிந்தேன். பட்டதாரி என்பதால் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் வந்தார்கள். 2022 தொடக்கத்திலிருந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலை நேரத்தில் ஒன்பது பிள்ளைகள். தமிழ் எனக்குச் சிரமமில்லை. கணக்குக்கு நான் முதல் நாள் இரவே படித்துவிட்டு வருவேன்.

அங்கேதான் என்னையே மறுபடி பார்த்தேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, எவ்வளவு சிக்கலான சமன்பாட்டைக் கொடுத்தாலும் கடகடவென்று தீர்ப்பாள். அதையே இரண்டு வரி வாக்கியமாகக் கொடுத்தால் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "அக்கா, இது கூட்டலா கழித்தலா, அத மட்டும் சொல்லுங்க" என்பாள். மற்றவர்களும் அப்படித்தான். வாக்கியத்தை அவர்கள் வாசிப்பதில்லை. அதில் உள்ள எண்களைப் பொறுக்குவார்கள், பிறகு ஒரு சொல்லைத் தேடுவார்கள். "மொத்தம்" என்றால் கூட்டல். "மீதி" என்றால் கழித்தல். "மடங்கு" என்றால் பெருக்கல். யாரோ எப்போதோ சொல்லிக் கொடுத்த சுருக்கு வழி.

ஒருநாள் வேண்டுமென்றே ஒரு சின்னக் கணக்கைக் கொடுத்தேன். "என்னிடம் இருக்கும் மாம்பழங்கள் உன்னிடம் இருப்பதை விட 5 அதிகம். என்னிடம் 12 இருக்கிறது. உன்னிடம் எத்தனை?" ஒன்பது பேரில் ஏழு பேர் 17 என்றார்கள். அதிகம் என்ற சொல் இருக்கிறது, ஆகவே 12உடன் 5ஐக் கூட்டிவிட்டார்கள். ஏழு பேரில் ஒருவரிடம், "சரி, உன்கிட்ட 17, என்கிட்ட 12. யார்கிட்ட அதிகம்?" என்று கேட்டேன். அவன் நோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், உடனே அழித்துவிட்டு 7 என்று எழுதினான். கணக்கு தெரியாத பிள்ளை இல்லை அவன். வாக்கியம் அவனுக்குள் போகவில்லை.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இது நான் படித்த பாடம். இது இலக்கணம்.

தமிழில் சொற்கள் இடம் மாறி நிற்கலாம். "ஓர் எண்ணிலிருந்து 7ஐக் கழித்தால் 3" என்றும் சொல்லலாம், "7ஐ ஓர் எண்ணிலிருந்து கழித்தால் 3" என்றும் சொல்லலாம். பொருள் ஒன்றுதான். ஆனால் இடமிருந்து வலமாகக் கண்ணில் பட்டபடி எழுதும் பிள்ளை இரண்டாவதை 7 − எ = 3 என்று எழுதி, விடை 4 என்கிறது. சரியானது எ − 7 = 3, விடை 10. எது எதிலிருந்து போகிறது என்பதைச் சொல்வது சொல் நிற்கும் இடமில்லை, அதன் வாலில் ஒட்டியிருக்கும் உருபு. "இலிருந்து" எந்தச் சொல்லில் ஒட்டியிருக்கிறதோ அதிலிருந்துதான் குறையும். ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல் பொருள் உண்டு என்று நன்னூலில் படித்திருக்கிறேன். அந்த நீங்கல்தான் கழித்தல் குறி என்பது எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

அதற்கப்புறம் பிள்ளைகளுக்குக் கணக்கு நோட்டிலேயே வேற்றுமை உருபுகளுக்கு அடிக்கோடு போடச் சொன்னேன். "உடன்" வந்தால் சேருகிறது. "ஐ விட" எதில் ஒட்டியிருக்கிறதோ அதுதான் ஒப்பிடும் அளவுகோல். அதை முதலில் எழுது, அப்புறம் அதிகமா குறைவா பார். "கிலோமீட்டருக்கு 12 ரூபாய்" என்பதில் உள்ள "க்கு" ஒரு வீதம். அது பெருக்கலைக் கேட்கும். "எண்ணின் மூன்று மடங்கு" என்பதில் உள்ள "இன்", எதன் மடங்கு என்று சொல்கிறது. நான் தொலைத்த "விற்ற பணத்தில்" என்ற "இல்"லும் அப்படித்தான். சதவீதம் வரும் எந்த வாக்கியத்திலும் முதலில் தேட வேண்டியது அதைத்தான்.

இதையும் அட்டவணையாக மனப்பாடம் செய்தால் பழைய சுருக்கு வழி போலவே ஆகிவிடும். அதனால் பட்டியல் எதுவும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு கணக்கிலும் "எதிலிருந்து? எதை விட? எதனுடைய?" என்று வாய்விட்டுக் கேட்கச் சொன்னேன். கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் போதும்.

அடைப்புக்குறியையும் இப்படித்தான் பிடித்தோம். "ஓர் எண்ணுடன் 4ஐக் கூட்டி, வந்ததை 3ஆல் பெருக்கினால் 27." பிள்ளைகள் எ + 4 × 3 = 27 என்று எழுதுவார்கள், விடை 15 என்று வரும். 15உடன் 4ஐக் கூட்டி 3ஆல் பெருக்கிப் பார்த்தால் 57. இந்த வாக்கியத்தில் ஒரு சொல் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது: "வந்ததை". வந்தது எது? எ + 4 முழுவதும். அந்த முழுவதையும் ஒரு பையில் போட்டுக் கட்டு, அந்தப் பைதான் அடைப்புக்குறி என்றேன். 3(எ + 4) = 27, எ + 4 = 9, எ = 5. "வந்ததை", "கிடைத்ததை", "மொத்தத்தை" என்ற சொற்களைப் பார்த்ததும் அடைப்புக்குறி போட ஒரே வாரத்தில் பழகிவிட்டார்கள். இது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பள்ளியில் எக்ஸ், ஒய் என்று எழுதுவார்கள். நான் முதல் இரண்டு மாதம் தமிழ் எழுத்துகளையே வைத்துக்கொண்டேன். விலைக்கு வி, வயதுக்கு வ, தூரத்துக்கு தூ. எக்ஸ் என்ற எழுத்தைக் கண்டு பயப்படும் பிள்ளைகள் இதைப் பார்த்துப் பயப்படவில்லை. ஆனால் இதில் ஒரு குழி இருந்தது, நானே தோண்டியது.

டீக்கடைக் கணக்கு ஒன்று கொடுத்தேன். "கடையில் விற்ற வடைகளின் எண்ணிக்கை, டீக்களின் எண்ணிக்கையைப் போல 3 மடங்கு. இதைச் சமன்பாடாக எழுது." பெரும்பாலோர் 3வ = ட என்று எழுதினார்கள். ஏன் என்று கேட்டால், "மூணு வடைக்கு ஒரு டீ அக்கா" என்றார்கள். அவர்கள் மனதில் வ என்பது வடை. ட என்பது டீ. எழுத்து ஒரு பொருளின் சுருக்கப்பெயர் ஆகிவிட்டது. ஆனால் சமன்பாட்டில் எழுத்து பொருள் அல்ல, எண். வ என்பது வடை அல்ல, விற்ற வடைகளின் எண்ணிக்கை. 2 டீ விற்றிருந்தால் எத்தனை வடை? 6. அதைப் போட்டுப் பார்: மூன்று ஆறு பதினெட்டு, அது இரண்டுக்குச் சமமா? இல்லை. வ = 3ட என்று எழுதினால் 6 = 3 × 2, சரி.

இந்தப் பிழை சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் வருவதில்லை. என்னோடு படித்த, இப்போது வேலையில் இருக்கும் தோழி ஒருத்தியிடம் கேட்டபோது அவளும் 3வ = ட என்றுதான் சொன்னாள். ஆகவே இப்போதெல்லாம் என் திண்ணையில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. "வி = பேனா" என்று யாரும் எழுதக்கூடாது. "வி = ஒரு பேனாவின் விலை, ரூபாயில்" என்று முழு வாக்கியமாக எழுத வேண்டும். "ரூபாயில்" என்பதையும் விடக்கூடாது. ஒரு பையன் விலையில் ஒன்றை ரூபாயிலும் ஒன்றைப் பைசாவிலும் வைத்து அரைமணி நேரம் மல்லுக்கட்டியதைப் பார்த்த பிறகு வந்த விதி அது.

பிற்பாடு ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன், பிள்ளைகளிடமும் சொன்னேன். பழைய இந்தியக் கணித நூல்களில் தெரியாத எண்ணுக்கு "யாவத் தாவத்" என்று பெயர். எவ்வளவோ அவ்வளவு என்று பொருள். 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் அதன் முதலெழுத்தான "யா"வை மட்டும் எழுதிக் கணக்குப் போட்டார். ஒன்றுக்கு மேற்பட்ட தெரியாத எண்கள் வந்தால் கறுப்பு, நீலம், மஞ்சள் என்று நிறங்களின் பெயர்களை வைத்தார்கள். பாக்தாதில் 9ஆம் நூற்றாண்டில் அல்-குவாரிஸ்மி எழுதியபோது குறியீடே கிடையாது, எல்லாக் கணக்கும் வாக்கியத்திலேயே. அவர் பயன்படுத்திய அல்-ஜபர் என்ற சொல்லிலிருந்துதான் அல்ஜீப்ரா என்ற பெயரே வந்தது. இன்று நாம் போடும் சமக்குறி 1557இல்தான் வந்தது. ராபர்ட் ரெக்கார்ட் என்பவர், இரண்டு இணைகோடுகளை விடச் சமமானவை வேறில்லை என்று சொல்லி அதைப் போட்டார். ஆக, வாக்கியக் கணக்கு என்பது பாடத்தின் கடைசியில் சேர்த்த தொல்லை அல்ல. வாக்கியம்தான் முதலில் இருந்தது. இதைச் சொன்னபோது அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "எவ்வளவோ அவ்வளவு" என்பதை அவள் பிடித்துக்கொண்டாள். இன்றும் கணக்கைத் தொடங்கும்போது அவள் முணுமுணுப்பது அதுதான்.

தீர்க்கும் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று. "அந்தப் பக்கம் போனா பிளஸ் மைனஸ் ஆயிடும்" என்ற மந்திரத்தை மட்டும் வைத்திருக்கும் பிள்ளை 3ப = 12 என்பதை ப = 12 − 3 என்று எழுதும். எங்கள் வீட்டில் அம்மாவின் பழைய இரும்புத் தராசு இருந்தது. ஒரே எடையாகக் கட்டிய நான்கு அவல் பொட்டலங்களை எடுத்தேன். இடது தட்டில் மூன்று, வலது தட்டில் ஒன்றும் ஒரு 500 கிராம் எடைக்கல்லும். தராசு நேராக நின்றது. இரண்டு தட்டிலிருந்தும் ஒவ்வொரு பொட்டலத்தை எடுக்கச் சொன்னேன். அப்போதும் நேராகத்தான் நின்றது. இரண்டு பொட்டலம், 500 கிராம். ஒரு பொட்டலம் 250. அதை நோட்டில் 3ப = ப + 500 என்று எழுதினோம். எதுவும் "அந்தப் பக்கம்" போகவில்லை. இரண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்தோம். மந்திரத்தை மறக்கச் சொல்லவில்லை, அது எங்கிருந்து வந்தது என்று காட்டினேன்.

எனக்கு மிகவும் பிடித்த நாள் நாணயக் கணக்கு போட்ட நாள். "ஒரு பையில் 5 ரூபாய், 10 ரூபாய் நாணயங்கள் மொத்தம் 20. அவற்றின் மதிப்பு 155 ரூபாய். 10 ரூபாய் நாணயங்கள் எத்தனை?" கணக்கிலேயே மிகவும் பின்தங்கியவன் என்று எல்லோரும் சொல்லும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். அவன் அப்பா தனியார் பேருந்தில் நடத்துநர். இரவு வீட்டில் சில்லறை எண்ணுவது இவன் வேலை. நான் சொல்லி முடித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, "பதினொண்ணு அக்கா" என்றான்.

எப்படி என்று கேட்டேன். "எல்லாமே அஞ்சு ரூபான்னு வெச்சுக்கலாம். இருபதஞ்சு நூறு. ஆனா 155 இருக்கே, 55 கூட இருக்கு. ஒரு அஞ்ச எடுத்துட்டுப் பத்த வெச்சா அஞ்சு ரூபா ஏறும். 55 ஏறணும்னா பதினொரு தடவ மாத்தணும்."

நான் அசந்து போனேன். மற்ற பிள்ளைகள் அது "சரியான முறை" இல்லை என்றார்கள். சமன்பாடு எழுதவில்லையே என்று. சரி, சமன்பாடும் எழுதுவோம் என்று கரும்பலகையில் எழுதினேன். ப என்பது 10 ரூபாய் நாணயங்களின் எண்ணிக்கை. அப்படியானால் 5 ரூபாய் நாணயங்கள் 20 − ப.

10ப + 5(20 − ப) = 155
10ப + 100 − 5ப = 155
5ப + 100 = 155
5ப = 55
ப = 11

அந்த 100ஐச் சுட்டிக்காட்டி அவனிடம் கேட்டேன், இது யார் தெரிகிறதா என்று. "எல்லாம் அஞ்சு ரூபான்னு வெச்சோமே, அது!" என்றான். 5ப என்பது? "ஒவ்வொண்ணையும் மாத்தும்போது ஏறுற அஞ்சு." 55? "கூட இருந்தது." அவன் மனதுக்குள் செய்த அத்தனையும் வரிவரியாகப் பலகையில் நின்றது. அவன் அன்றுவரை சமன்பாட்டைத் தனக்குச் சம்பந்தமில்லாத ஒன்றாகப் பார்த்தவன். அன்று தன்னுடைய யோசனையை எழுதும் முறை அது என்று பார்த்தான். அதற்குப் பிறகு நான் ஒன்றைக் கடைப்பிடிக்கிறேன்: பிள்ளை மனக்கணக்காகச் சொன்னால் அதைத் தள்ளுவதில்லை. முதலில் அதை முழுவதும் சொல்ல விடுவேன். பிறகு அதே வார்த்தைகளுக்குப் பக்கத்தில் சமன்பாட்டை எழுதுவேன்.

வயதுக் கணக்கில் வேறொரு பாடம் கிடைத்தது. "தாயின் வயது மகளின் வயதைப் போல 4 மடங்கு. 20 ஆண்டுகள் கழித்து 2 மடங்காக இருக்கும். தாயின் வயது என்ன?" அந்த எட்டாம் வகுப்புப் பெண் 4ம + 20 = 2ம என்று எழுதினாள். தீர்த்தாள்: ம = −10. சரிபார்க்கச் சொன்னேன். சமன்பாட்டில் போட்டாள்: இடது பக்கம் −40 + 20 = −20, வலது பக்கம் −20. "சரியா வருது அக்கா!"

உண்மைதான், சமன்பாட்டுக்கு அது சரி. சமன்பாடே தப்பு என்றால், தப்பான சமன்பாட்டிலேயே விடையைப் போட்டுப் பார்ப்பதால் என்ன பயன்? "மகளுக்கு மைனஸ் பத்து வயசா?" என்று கேட்டதும் அவளுக்கே புரிந்தது. 20 ஆண்டுகள் தாய்க்கு மட்டும் ஓடிவிட்டன, மகள் அங்கேயே நின்றுவிட்டாள். வயதுக் கணக்குக்கு நான் இரண்டு கட்டம் போடச் சொல்வேன்: இப்போது, அப்போது. இப்போது என்ற கட்டத்தில் மகள் ம, தாய் 4ம. அப்போது என்ற கட்டத்தில் மகள் ம + 20, தாய் 4ம + 20. இரண்டு பேருக்கும் ஆண்டு ஓடியதா என்று பார்த்துவிட்டுத்தான் சமக்குறி போட வேண்டும். 4ம + 20 = 2(ம + 20). ம = 10. தாய்க்கு 40. இருபது ஆண்டு கழித்து 60, 30. சரி, இரண்டு மடங்கு.

அன்றிலிருந்து சரிபார்ப்பது சமன்பாட்டில் அல்ல, கதையில். விடையை எடுத்துக்கொண்டு முதல் வாக்கியத்துக்குத் திரும்பிப் போய், அந்த வாக்கியத்தை எண்களோடு வாசிக்க வேண்டும். இதைச் செய்யும் பிள்ளை இன்னொரு இடத்திலும் தப்பித்துவிடும். கேள்வி தாயின் வயதைக் கேட்டிருக்கும், பிள்ளை ம = 10 என்று எழுதிக் கோடு போட்டுவிடும். முழுக் கணக்கும் சரியாக இருந்தும் மதிப்பெண் போன விடைத்தாள்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

கணக்குகளைப் பாடப்புத்தகத்தோடு நிறுத்தாமல் நாங்களே உண்டாக்கவும் செய்தோம். சென்னையில் 2013இல் அரசு நிர்ணயித்த ஆட்டோ கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். மீட்டரில் 85 ரூபாய் காட்டினால் எவ்வளவு தூரம் வந்திருப்போம்? முதலில் எல்லோரும் எழுதியது 25 + 12தூ = 85. விடை 5 கிலோமீட்டர். "அதற்கு மேல்" என்ற இரண்டு சொற்களை விட்டுவிட்டார்கள். 12 ரூபாய் முழுத் தூரத்துக்கும் அல்ல, 1.8ஐத் தாண்டிய தூரத்துக்கு மட்டும். 25 + 12(தூ − 1.8) = 85 என்று எழுதினால் 6.8 கிலோமீட்டர். கூலிக் கணக்கு, ஓவர்டைம், மின்கட்டணம் எல்லாவற்றிலும் இந்த "அதற்கு மேல்" வரும்.

எங்கள் ஊர்ப்பக்கம் பலாவுக்குப் பேர்போனது என்பதால் கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணித நூலில் உள்ள பலாச்சுளைப் பாட்டையும் எடுத்தோம். காம்பைச் சுற்றியுள்ள சிறுமுள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைகளின் எண்ணிக்கை என்கிறது அந்த வெண்பா. 50 முள் என்றால் 60 சுளை. இதற்குச் சமன்பாடு வேண்டாம், நேராகப் போனால் போதும். சரி, 120 சுளை இருந்தால் முள் எத்தனை? இப்போது திரும்பி நடக்க வேண்டும். 6மு/5 = 120, மு = 100. நேராகப் போகிற கணக்குக்கும் திரும்பி நடக்கிற கணக்குக்கும் உள்ள வேறுபாடு இதில் நன்றாகப் புரிந்தது. என்னுடைய முறுக்குக் கணக்கும் திரும்பி நடக்க வேண்டிய கணக்குத்தான். கடைசியில் கைக்கு வருவது தெரியும், தொடக்க விலை தெரியாது. நான் நேராகப் போகிற கணக்காக நினைத்துக் கூட்டிவிட்டேன்.

வரி சேர்த்த விலையிலும் இதே தவறுதான். 18 சதவீத வரி சேர்த்து 590 ரூபாய் என்றால், 590இல் 18 சதவீதத்தைக் கழித்து 483 ரூபாய் 80 காசு என்று சொல்கிறவர்கள் நிறைய. வரி போட்டது வரிக்கு முந்தைய விலையில். வி + 18வி/100 = 590. வி = 500.

போன வருடம் தீபாவளிக்கு முன்பு அந்தக் கடைக்காரரிடமிருந்து மறுபடியும் ஆர்டர் வந்தது. இந்த முறை கமிஷன் 25 சதவீதம் என்றார். எண்ணெய் விலை ஏறியதால் பாக்கெட்டுக்கு 90 ரூபாய் எங்கள் கைக்கு வந்தாக வேண்டும். தலைவி அக்கா வீட்டில் கூடிப் பேசிக்கொண்டிருந்தோம். அந்த எட்டாம் வகுப்புப் பெண் இப்போது மேல்நிலைப் பள்ளியில் இருக்கிறாள், அவள் அம்மாவும் எங்கள் குழுவில் ஒருவர். அம்மாவைக் கூப்பிட வந்தவள், லேபிள் அடிக்க வைத்திருந்த காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள்.

"எதுல 25 சதவீதம் அக்கா? விக்கிற விலையிலயா, நம்ம 90லயா?"

விற்கிற விலையில் என்றேன்.

வி = ஒரு பாக்கெட்டின் லேபிள் விலை, ரூபாயில், என்று முழுதாக எழுதினாள். அடுத்த வரியில் வி − 25வி/100 = 90. அதற்கடுத்து 3வி/4 = 90. அப்புறம் 120 என்று எழுதி, கீழே கோடு போடாமல் நிறுத்தினாள். "நூத்தி இருபதுல கால்பங்கு முப்பது கடைக்கு. மீதி தொண்ணூறு நமக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு, கோடு போட்டாள்.

120 ரூபாய் என்றே லேபிள் அடித்தோம்.